சென்னை ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் வாங்குகிறது?

கையில் போன் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் மட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் சாவகாசமாகக் கேட்கிறார்: “சென்னை நகரம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் வாங்கும்?” கன்சல்டிங் நிறுவனங்களின் நேர்காணலில் இப்படித்தான் ஒரு கேள்வி வந்து விழும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில் திகைத்துப்போகிறார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பிலும் மூன்று வருடக் கல்லூரிப் படிப்பிலும், புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத கணக்கை யாரும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 86 லட்சம் பேர். இன்றைக்கு ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 25 லட்சம் வீடுகள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு லிட்டருக்கு மேல் போகும், தனியாகத் தங்கி வேலைக்குப் போகிறவர் அரை லிட்டர் பாக்கெட்டை இரண்டு நாள் வைத்துக்கொள்வார். சராசரியாக வீட்டுக்கு முக்கால் லிட்டர். அதாவது சுமார் 19 லட்சம் லிட்டர். அடுத்தது டீக்கடை. ஆயிரம் பேருக்கு ஒரு கடை என்றால் பத்தாயிரம் கடைகள். கடைக்கு முப்பது லிட்டர் என்றால் மூன்று லட்சம். ஹோட்டல், இனிப்புக்கடை, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் இன்னொரு இரண்டு லட்சம். ஆக மொத்தம் 24 லட்சம் லிட்டர்.

விடை சரியா? ஆவின் மட்டும் சென்னையில் நாளொன்றுக்குச் சுமார் 14 லட்சம் லிட்டர் விற்கிறது. அதோடு ஆரோக்யா, திருமலா, ஹெரிடேஜ் போன்ற தனியார் பாக்கெட்டுகளும் இருக்கின்றன. எனவே 24 லட்சம் என்பது நம்பக்கூடிய எண். இந்தக் கடைசிச் சோதனையைக் கேட்பதற்கு முன்பே தானாகச் செய்துகாட்டும் மாணவரை நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கு 24 முக்கியமில்லை. வீடு, கடை, ஹோட்டல் என்று பிரித்தது முக்கியம். எந்த ஊகம் ஆட்டம் காணக்கூடியது என்று தெரிந்து வைத்திருப்பது அதைவிட முக்கியம். “வீட்டுக்கு முக்கால் லிட்டர் என்பது அரை லிட்டராக இருந்தால்?” என்று அவர் கேட்டால், மொத்தம் ஆறு லட்சம் குறையும் என்று அந்த நொடியே சொல்ல வர வேண்டும்.

இந்த வகைக் கணக்குக்கு ஒரு கௌரவமான முன்னோடி உண்டு. இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி, சிகாகோ நகரில் எத்தனை பியானோ சுதி சேர்ப்பவர்கள் இருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்பார் என்பார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, சில காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து நழுவவிட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளியது என்று பார்த்து, வெடிப்பின் பலம் பத்து கிலோ டன் டி.என்.டி.க்குச் சமம் என்றார். பின்னால் கருவிகளைக் கொண்டு கணக்கிட்டபோது வந்தது சுமார் இருபது. காகிதத் துண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்க முடிந்தது.

கன்சல்டிங் என்ற தொழிலே எண்களிலிருந்துதான் முளைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1963-ல் புரூஸ் ஹெண்டர்சன் பாஸ்டனில் தொடங்கியது பி.சி.ஜி. அங்கிருந்து பிரிந்த பில் பெயின் 1973-ல் பெயின் நிறுவனத்தை ஆரம்பித்தார். உலகம் முழுக்க மாணவர்கள் ஏங்குவது இந்த மூன்றுக்கும்தான். வேலை என்னவென்று கேட்டால், ஒரு கம்பெனி தன் சிக்கலைத் தானே தீர்க்க முடியாதபோதோ, தீர்க்க நேரமில்லாதபோதோ, வெளியாள் ஒருவர் வந்து சில மாதங்கள் உட்கார்ந்து, எண்களைத் திரட்டி, “இதைச் செய்யுங்கள்” என்று சொல்வது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணோ பையனோ ஐம்பது வயது ஆலை மேலாளரிடம் போய்க் கேள்வி கேட்க வேண்டும். அந்த மேலாளருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று நடித்தால் முதல் நாளே காரியம் கெடும்.

அந்தப் பணியில் சேர்ந்த ஒருவர் விட்டுச்சென்ற கருவி இன்றும் இந்தத் துறையில் பயன்படுகிறது. பார்பரா மின்டோ 1963-ல் மெக்கின்சியில் சேர்ந்தார், எம்.பி.ஏ. படித்து அங்கே ஆலோசகராகச் சேர்ந்த முதல் பெண் அவர். ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகள் ஏன் புரிவதில்லை என்று ஆராய்ந்து, ஒரு பிரமிடு முறையை உருவாக்கினார். முதலில் முடிவு, அதன் கீழே அதற்கான இரண்டு மூன்று காரணங்கள், ஒவ்வொரு காரணத்தின் கீழும் ஆதாரம். காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, எதுவும் விட்டும் போகக் கூடாது. நம் கல்லூரிக் கட்டுரைகள் இதற்கு நேர் தலைகீழ்: முன்னுரை, வரலாறு, பொருளுரை எல்லாம் கடந்து கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் வரும். முடிவை முதல் வரியில் எழுதிப் பழகுவதற்குப் பணம் தேவையில்லை. பேராசிரியருக்கு அனுப்பும் விடுப்புக் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேஸ் இன்டர்வியூ எனப்படும் நேர்காணலில் பால் கணக்கு வெறும் தொடக்கம்தான். உண்மையான கேஸ் இப்படி இருக்கும். ஒரு திருப்பூர் ஏற்றுமதியாளர். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அமெரிக்கா அந்த ஊரின் பெரிய சந்தை. வாங்குபவர் சொல்கிறார்: “வரிச் சுமையில் நீங்களும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளுங்கள், விலையில் பத்து சதவீதம் குறையுங்கள்.” ஒப்புக்கொள்வதா, ஆர்டரை விட்டுவிடுவதா?

எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட்டின் விலை 300 ரூபாய். நூல், சாயம், தையல் கூலி, பேக்கிங் சேர்த்து 230. ஆலை வாடகை, வங்கி வட்டி, மாதச் சம்பளக்காரர்கள் என்று உடைக்கு 50 ரூபாய் பங்கு. லாபம் 20. பத்து சதவீதம் குறைத்தால் விலை 270 ஆகும், லாபம் போய் உடைக்குப் பத்து ரூபாய் நட்டம். ‘நட்டத்துக்கு ஏன் விற்க வேண்டும், வேண்டாம்’ என்று பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆர்டரை விட்டுவிட்டால் அந்த 50 ரூபாய் செலவு எங்கேயும் போகாது. வாடகையும் வட்டியும் தைத்தாலும் உண்டு, தைக்காவிட்டாலும் உண்டு. 270-க்கு விற்றால் 230 போக 40 ரூபாய் கையில் நின்று அந்த ஐம்பதில் பெரும்பகுதியை அடைக்கும். பத்து ரூபாய் நட்டம், ஐம்பது ரூபாய் நட்டத்தைவிடப் பரவாயில்லை.

அதனால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டுமா? அதுவும் இல்லை, இங்கேதான் கேஸ் சூடு பிடிக்கிறது. எந்திரங்கள் சும்மா கிடக்கின்றனவா, அல்லது ஐரோப்பிய ஆர்டர் ஒன்று காத்திருக்கிறதா? 2025 ஜூலையில் இந்தியா பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறதே, அந்தச் சந்தைக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆகும்? ஒரு முறை இறக்கிய விலையை அமெரிக்க வாங்குநர் மறுபடி ஏற்றித் தருவாரா? மற்ற வாங்குநர்களுக்கும் விஷயம் தெரிந்தால்? எத்தனை மாதம் இந்த நட்டத்தைத் தாங்கக் கையில் பணம் இருக்கிறது? தையல்காரர்களை அனுப்பிவிட்டால் வேலை திரும்ப வரும்போது அவர்கள் திரும்புவார்களா? திருப்பூரிலோ ஈரோட்டிலோ கரூரிலோ வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பார்கள். டெல்லியின் பெரிய கல்லூரியிலிருந்து வருபவருக்கு அது தோன்றாமல் போகலாம். சொந்த ஊர்த் தொழிலை அறிந்திருப்பது இந்தத் துறையில் பெரிய சொத்து. நம் மாணவர்கள் அதைச் சொத்தாகவே நினைப்பதில்லை என்பதுதான் வருத்தம். அப்பாவின் மளிகைக் கடையைப் பற்றி நேர்காணலில் பேசக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கடையில் எந்தச் சரக்கு எத்தனை நாளில் சுற்றி வருகிறது, யாருக்குக் கடன், மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை தருகிறார் என்று விவரமாகச் சொல்லத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் லேசாக எடுத்துக்கொள்ளாது.

இதற்கான பயிற்சி தனியாக உட்கார்ந்து படிப்பதில் இல்லை. மார்க் கொசென்டினோவின் ‘கேஸ் இன் பாயின்ட்’, விக்டர் செங்கின் ‘கேஸ் இன்டர்வியூ சீக்ரெட்ஸ்’ ஆகிய இரண்டு புத்தகங்களும் பல விடுதிகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவற்றில் இருக்கும் சட்டகங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு நண்பரோ தோழியோ வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் வாய்விட்டு யோசிக்க வேண்டும். வாய்விட்டு யோசிப்பது நமக்குப் பழக்கமில்லாத கலை. வகுப்பில் பேசாமல் இருப்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்ந்தவர்களுக்கு, அரைகுறை யோசனையை அப்படியே உரக்கச் சொல்வது முதலில் உடம்பே கூசும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு பருவம் முழுக்க, மரத்தடியிலோ மொட்டைமாடியிலோ செய்தால் அந்தக் கூச்சம் போய்விடும். கூடவே கைக்கணக்கு: 17 சதவீதம், 1.2 கோடியை 365-ஆல் வகுப்பது, லட்சத்தை மில்லியனாக மாற்றுவது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். பதற்றத்தில் தடுமாறுவது இங்கேதான்.

நிதித் துறையின் அறைக்குள் நுழைந்தால் கேள்வியின் சுபாவம் மாறும். இன்வெஸ்ட்மென்ட் பேங்க் நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: தேய்மானம் பத்து கோடி கூடினால் மூன்று கணக்கறிக்கைகளும் எப்படி மாறும்? வரி 25 சதவீதம். பி.காம். மாணவர் மூன்று வருடமும் தேய்மானக் கணக்கு போட்டிருப்பார், நேர்க்கோட்டு முறையும் குறைந்துசெல் மதிப்பு முறையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் இந்தக் கேள்வியில் விழுவார்.

லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் பத்து கோடி குறையும். அதனால் வரி இரண்டரைக் கோடி மிச்சம். நிகர லாபம் ஏழரைக் கோடி குறையும். பணப் போக்குவரத்து அறிக்கை அந்தக் குறைந்த ஏழரையிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் தேய்மானத்துக்காக யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, எனவே பத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். பணம் இரண்டரைக் கோடி கூடியிருக்கும்! இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் இரண்டரை ஏறும், எந்திரங்களின் மதிப்பு பத்து இறங்கும், சொத்துப் பக்கம் மொத்தத்தில் ஏழரை குறையும். எதிர்ப்பக்கத்தில் தேக்கிவைத்த லாபமும் ஏழரை குறையும். இரண்டு பக்கமும் சமம். லாபம் குறைந்தும் பணம் கூடியது என்ற விந்தையை ஒரு முறை உள்ளுக்குள் உணர்ந்துவிட்டால், லாபமும் பணமும் வேறு வேறு என்பது பிறகு மறக்காது.

அது வெறும் தேர்வுக் கேள்வி என்று நினைப்பவர்கள் சத்யம் கதையைப் படிக்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளிவந்தது. கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஆண்டாண்டாகத் தணிக்கை செய்த கையெழுத்துகள் இருந்தன, விருதுகள் இருந்தன, வங்கியில் பணம் மட்டும் இல்லை. இவ்வளவு ரொக்கம் வைத்திருப்பதாகச் சொன்ன கம்பெனி அந்தப் பணத்தை என்ன செய்கிறது, அதற்கு வட்டி ஒழுங்காக வருகிறதா என்ற கேள்வியை ஒரு கல்லூரி மாணவர்கூட ஆண்டறிக்கையை வைத்துக் கேட்டிருக்க முடியும்.

ஆண்டறிக்கை இலவசம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் அதை வெளியிட்டே ஆக வேண்டும். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளங்களிலும் கிடைக்கும். தன் ஊருக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வது நல்லது. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு டி.வி.எஸ். மோட்டார், ராஜபாளையத்துப் பிள்ளைக்கு ராம்கோ சிமென்ட்ஸ். முதல் வாசிப்பில் இருநூறு பக்கத்துக்கு மேல் நீளும் அந்த அறிக்கை மலைக்க வைக்கும். பளபளப்பான படங்களையும் தலைவர் உரையையும் கடந்து நேராகப் பணப் போக்குவரத்து அறிக்கைக்குப் போக வேண்டும். பிறகு கணக்குக் குறிப்புகள். ஐந்து வருட எண்களை எக்செல்லில் தன் கையால் தட்டி ஏற்ற வேண்டும்; எங்கிருந்தோ தரவிறக்கிய தயார் அட்டவணை இந்த இடத்தில் உதவாது. விற்பனை கூடும்போது வாராக்கடனும் கூடுகிறதா, சரக்கு தேங்குகிறதா, கடன் வட்டியைக் கட்டும் அளவுக்கு வியாபாரம் பணம் தருகிறதா என்பதெல்லாம் அப்படித் தட்டும்போதுதான் கண்ணில் படும். மூன்று வருடப் படிப்பில் பருவத்துக்கு ஒரு கம்பெனி என்று ஆறு கம்பெனிகளை இப்படி முடித்த மாணவருக்கு, ‘ஒரு கம்பெனியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வியில் பத்து நிமிடம் பேச விஷயம் இருக்கும்.

கம்பெனியின் மதிப்பைக் கணக்கிடக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு அஸ்வத் தாமோதரன் இருக்கிறார். சென்னை லயோலாவில் பி.காம்., பெங்களூர் ஐ.ஐ.எம்., பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1986 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியில் கற்பிக்கிறார். உலகம் முழுக்கப் பாடமாக வைக்கப்படும் புத்தகங்கள் அவருடையவை. அவர் தன் வகுப்புகள், வினாத்தாள்கள், கணக்குத்தாள்கள், உலக நாடுகளின் தொழில்வாரித் தரவுகள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருக்கிறார். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி நியூயார்க்கில் எம்.பி.ஏ. படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் அதே பாடம், பரமக்குடி அரசுக் கல்லூரி மாணவிக்கும் போனில் கிடைக்கிறது. இதைவிட நல்ல செய்தி இந்தத் துறையில் வேறில்லை. இதை அறியாமல் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து ‘ஃபைனான்ஷியல் மாடலிங்’ சான்றிதழ் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

சான்றிதழ் என்றதும் சொல்ல வேண்டியது சி.ஏ. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில், உலக மதிப்புள்ள தகுதி அது. வணிகப் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் பெற்றிருந்தால் நேரடியாக இடைநிலைக்குச் சேரலாம். முன்பு மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நேரடிப் பயிற்சி இப்போது இரண்டு வருடம். தேர்வு கடுமையானது, பலருக்குப் பல முறை எழுத வேண்டிவரும், அதை மறைப்பதில் பயனில்லை. முதலீட்டு ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புபவர்களுக்கு சி.எஃப்.ஏ. மூன்று நிலைத் தேர்வுகள். பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே முதல் நிலை எழுத முடியும். கட்டணம் டாலரில் என்பதால் கனம்தான், ஆனால் கட்டணத்தைக் குறைக்கும் உதவித்தொகைகள் உண்டு, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. இரண்டாம் வருட விடுமுறையில் அதை முடித்தவருக்குத் தனக்கு இந்தத் துறை பிடிக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதை ஒளிக்காமல் பேச வேண்டும். மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் மூன்றும் இந்தியாவில் பெரும்பாலும் ஐ.ஐ.எம்.கள், ஹைதராபாத் ஐ.எஸ்.பி., ஐ.ஐ.டி.கள், டெல்லி ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, செயின்ட் ஸ்டீஃபன்ஸ் போன்ற சில இடங்களிலிருந்துதான் புதியவர்களை எடுக்கின்றன. மதுரையிலோ நெல்லையிலோ கலைக் கல்லூரியில் படிப்பவர் முன்னால் அவர்கள் மேசை போட்டு உட்காரப்போவதில்லை. இது நியாயமில்லைதான். ஆனால் வழி ஒன்றே ஒன்று இல்லை. நவம்பர்க் கடைசியில் நடக்கும் கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.எம். போகலாம், திருச்சியிலேயே 2011 முதல் ஒன்று இருக்கிறது. டிலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. நான்கும் சி.ஏ.க்களைப் பெருமளவில் எடுக்கின்றன. உலக வங்கியின் பெரிய அலுவலகம் ஒன்று 2001 முதல் சென்னையில் இயங்குகிறது, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் உலகளாவிய சேவை மையமும் இங்கே இருக்கிறது. கோல்ட்மேன் சாக்ஸ் 2004-ல் பெங்களூருக்கு வந்தது. 2006-ல் சென்னையில் தொடங்கிய லேட்டன்ட்வியூ போன்ற தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்கள், கன்சல்டிங்குக்கு மிக நெருங்கிய வேலையைத் தருகின்றன. இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போகிறவரின் பின்னணியில் நல்ல வேலை அனுபவம் இருக்கும். அப்போது அந்தப் பெரிய மூன்றின் மேசைக்கு முன்னால் உட்கார முடியும்.

ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது என்ற கவலை மூன்றாம் வருடத்தில்தான் வருகிறது, வர வேண்டியது முதல் வருடத்தில். 2007-ல் சிட்னியில் மாணவர்கள் தொடங்கிய ‘180 டிகிரீஸ் கன்சல்டிங்’ அமைப்புக்கு இந்தியக் கல்லூரிகளிலும் கிளைகள் உண்டு. தொண்டு நிறுவனங்களுக்கு மாணவர்கள் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். கல்லூரியில் கிளை இல்லாவிட்டால் என்ன? பக்கத்துத் தெரு மகளிர் சுய உதவிக் குழு ஊறுகாய் போட்டு விற்கிறது. பாட்டிலுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு மாதம் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டு, விலையையும் பாட்டில் அளவையும் மாற்றச் சொல்லி, விற்பனை என்ன ஆனது என்று பின்தொடர்ந்தால் அது அசல் கன்சல்டிங். ‘தலைமைப் பண்பு உடையவன், கடின உழைப்பாளி’ என்ற வரிகளை எடுத்துவிட்டு இந்த ஒன்றை எண்களோடு எழுதலாம்.

அடுத்தது ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்களின் பெரிய பயம் இதுதான். இந்த வேலைகளுக்கு ஆங்கிலம் தேவை, அதில் சந்தேகமே இல்லை; ஆனால் தேவைப்படுவது உச்சரிப்பு நயம் இல்லை, தெளிவான சிறிய வாக்கியம். தினம் ஒரு வணிகச் செய்தியைப் படித்து, அதன் சாரத்தை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் போனில் பதிவு செய்து தானே கேட்டுப் பார்க்கும் மாணவர்கள் ஒரு வருடத்தில் எவ்வளவோ மாறிவிடுகிறார்கள். குழு விவாதத்தில் கத்திப் பேசுபவரைவிட, மற்றவர் சொன்னதைச் சரியாகத் தொகுத்து ஒரு எண்ணைச் சேர்ப்பவர் கவனிக்கப்படுகிறார்.

தோற்றமும் அப்படித்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்த இந்திரா நூயி, 1978-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் காசு இல்லை. இரவு முழுக்க விடுதி வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். கோடைக்கால வேலைக்கான முதல் நேர்காணலுக்கு ஐம்பது டாலரில் வாங்கிய, உடம்புக்குப் பொருந்தாத கோட்டு கால்சட்டையில் போய், மனமுடைந்து திரும்பினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர், “இந்தியாவில் என்றால் என்ன உடுத்துவாய்?” என்று கேட்டார். அடுத்த நேர்காணலுக்கு, பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற கன்சல்டிங் நிறுவனத்துக்கு, சேலை உடுத்திப் போனார். வேலை கிடைத்தது. 1980-ல் பட்டம் முடித்து பி.சி.ஜி.யில் சேர்ந்து ஆறு வருடம் பணியாற்றினார். பின்னால் 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரி. வேறொருவர் வேடத்தைக் கடன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் தெளிவாக யோசிக்க முடியாது.

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நேரத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். 2013 ஆகஸ்டில் லண்டனில் ஓர் அமெரிக்க வங்கியில் கோடைப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மன் மாணவர் தன் தங்குமிடத்தில் இறந்துகிடந்தார். காரணம் வலிப்பு என்றது விசாரணை; களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம் என்றும் சொன்னது. அதன் பிறகு 2015-ல் கோல்ட்மேன் சாக்ஸ், பயிற்சி மாணவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணிவரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லும். 2021-ல் அதே வங்கியின் 13 முதலாண்டு ஊழியர்கள் தங்களுக்குள் எடுத்த கணக்கெடுப்பு வெளியே கசிந்தது: வாரத்துக்குச் சராசரி 95 மணிநேர வேலை. 2024-ல் புணேயில், ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே 26 வயது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவர் இறந்தார். அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்பும் பெற்றோர் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து “இன்னும் ஆபீஸிலா?” என்று கேட்கும் அம்மாவிடம், “எல்லாரும் இருக்காங்கம்மா” என்று சொல்லிவிட்டு வைக்கும் பிள்ளைக்கு, வேலையை விட்டுவிட்டு வந்தாலும் வீடு இருக்கிறது என்று முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும்.

இன்னொரு தயாரிப்பு எந்தப் பயிற்சி மையமும் கற்றுத்தராதது. மெக்கின்சியின் உலகத் தலைவராக 1994 முதல் 2003 வரை இருந்தவர் ரஜத் குப்தா. கொல்கத்தாவில் பிறந்து, பதின்வயதில் பெற்றோரை இழந்து, டெல்லி ஐ.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் படித்து அந்த இடத்துக்கு வந்தவர். 2008 செப்டம்பரில், அவரும் உறுப்பினராக இருந்த கோல்ட்மேன் சாக்ஸின் இயக்குநர் குழு, வாரன் பஃபெட்டின் நிறுவனம் ஐந்நூறு கோடி டாலர் முதலீடு செய்யப்போவதைப் பற்றித் தொலைபேசியில் கூடிப் பேசியது. அது முடிந்த சில நொடிகளில் குப்தா, கொழும்பில் பிறந்த முதலீட்டாளர் ராஜ் ராஜரத்தினத்துக்குப் போன் செய்து அந்த ரகசியத்தைச் சொன்னார் என்பது வழக்கு. ராஜரத்தினம் 2011-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பதினோரு வருடத் தண்டனை பெற்றார். குப்தாவுக்கு 2012-ல் இரண்டு வருடம். பல வருடம் சேர்த்த பெயர் ஒரு போன் அழைப்பில் போனது. பயிற்சி மாணவராகச் சேரும் முதல் வாரத்திலேயே, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கப்போகிறது என்பது போன்ற தகவல்கள் கண்ணில் படும். அதை ரயிலில் நண்பனிடம் சொல்லக் கூடாது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, பங்கு வாங்கும் மாமாவிடம் ஜாடையாகக்கூடக் காட்டக் கூடாது. “நீ அந்தக் கம்பெனியிலதானே இருக்கே, சொல்லேன்” என்று மாமா கேட்பார். அன்போடுதான் கேட்பார். “அதெல்லாம் சொல்லக் கூடாது மாமா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றப் பழகிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சீனியர்கள். துறையில் இரண்டு மூன்று வருடம் முன்னால் போன கல்லூரி அண்ணன்கள், அக்காக்கள் லிங்க்ட்இன்னில் இருக்கிறார்கள். ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. ‘அக்கா, உங்கள் நிறுவனத்தின் கடைசி ஆண்டறிக்கையைப் படித்தேன், இந்த ஒரு எண் புரியவில்லை, பதினைந்து நிமிடம் பேச முடியுமா?’ என்று எழுதினால் வர வாய்ப்பு அதிகம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் சம்பளத்தைக் கேட்காமல் மூன்று விஷயங்களைக் கேட்கலாம்: போன வாரம் எத்தனை நாள் ஒன்பது மணிக்குள் வீட்டுக்குப் போனீர்கள், சேர்ந்த முதல் வருடத்தில் யார் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள், உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.